முக்காற்புள்ளி தந்த கணித ஆசிரியர்

தலைநகருக்குப் படிக்க வந்த புதிதில் எனக்குத் தமிழ்ப் பசி எடுத்தது. இயற்பியல் நூல்களுக்கு இங்கே பஞ்சம் இல்லை. தமிழ் நூல்களுக்குத்தான் பஞ்சம். ஒரு நாள் ஒரு நூலகத்தில் (எந்த நூலகம் என்பது இங்கே வேண்டா) தமிழ்க் கவிதை நூல் ஏதேனும் உண்டா என்று கேட்டேன். அங்கிருந்தவர் பட்டியலைப் பார்த்துத் துண்டுத் தாளில் ஓர் எண்ணை எழுதிக் கொடுத்தார். 894.8111. எண்ணைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். இலக்கிய வரிசை முடிகிற மூலையில், சன்னலுக்குக் கீழே, நான்கு நூல்கள் இருந்தன. திரும்பும் வழியில் ஆங்கிலக் கவிதையின் எண்ணைப் பார்த்தேன். 821. மூன்றே இலக்கம்.

என் தாய்மொழிக் கவிதைக்கு ஏழு இலக்கம், ஆங்கிலக் கவிதைக்கு மூன்று இலக்கம் என்று வகுத்தவர் யார்? இதைத் தேடிப் போனபோதுதான் சீர்காழி இராமாமிருதம் இரங்கநாதனின் வாழ்க்கை என் கைக்கு வந்தது. இந்திய நூலகவியலின் தந்தை யார் என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடையாக அவர் பெயரை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருக்கிறோம். ஒரு மதிப்பெண்ணோடு அவரை விட்டும் விட்டோம். அவர் நம்மைப் போல் அறிவியல் பக்கத்து ஆள் என்பதோ, நூலகத் தொழிலை முதலில் அடியோடு வெறுத்தவர் என்பதோ எனக்கு அதுவரை தெரியாது.

1892 ஆகஸ்டில் தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையை இழந்தார். தாயும் பாட்டனாரும் வளர்த்தனர். உள்ளூர் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தார். சிறு வயதிலிருந்தே திக்குவாய், உடல்நலமும் சுமார்தான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து 1913-இல் பி.ஏ., 1916-இல் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அங்கே எட்வர்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியரிடம் அவர் வைத்த பக்தி வாழ்நாள் முழுவதும் குறையவில்லை. பின்பு சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி. 1917 முதல் மங்களூர், கோவை, சென்னை மாநிலக் கல்லூரி என்று கணித ஆசிரியர் வேலை. திக்குவாயை மிகுந்த முயற்சியால் அடக்கி, நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தார்.

அந்த வேளையில் சென்னைப் பல்கலைக் கழகம் தன் முதல் நூலகரைத் தேடியது. சம்பளம் கல்லூரி ஆசிரியரின் சம்பளத்தைவிட அதிகம். நண்பர்கள் தூண்ட, இவரும் விண்ணப்பம் போட்டார். விண்ணப்பித்தவர் ஏறத்தாழ 900 பேர் என்பார்கள். நூலகத் தொழிலில் பயிற்சி பெற்றவர் அவர்களில் எவரும் இல்லை. நம் கணித ஆசிரியருக்கும் அத்துறையில் இருந்த அறிவு, நேர்காணலுக்குச் சில நாட்களுக்கு முன் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரை மட்டுமே. வேலை கிடைத்துவிட்டது! 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

ஒரு வாரத்திலேயே அலுத்துவிட்டது. கேள்வி கேட்க மாணவர் இல்லை, கரும்பலகை இல்லை. நாள் முழுதும் மௌனம். பழைய கல்லூரிக்கு ஓடிச் சென்று தம்மைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். இலண்டனுக்குப் போய் நூலகப் பயிற்சியை முடித்து வரட்டும், அதன் பிறகும் பிடிக்காவிட்டால் பழைய இடம் இருக்கவே இருக்கிறது என்று ஓர் ஏற்பாடு செய்து அவரை அனுப்பி வைத்தார்கள். விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில் வீட்டுக்குத் திரும்ப இரயில் கட்டணத்தை விசாரித்த நம்மில் பலருக்கு இந்தக் கட்டம் நன்றாகவே புரியும்.

இலண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியில் அவருக்குப் பகுப்பியல் கற்பித்தவர் பெர்விக் சேயர்ஸ். கிராய்டன் நகர நூலகத்தின் தலைவரும் அவரே. பாடம் ஒருபுறம் நடக்க, மறுபுறம் இரங்கநாதன் இங்கிலாந்து நெடுக நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைச் சுற்றிப் பார்த்தார். தொழிலாளியும் குழந்தையும் நூலகத்துக்குள் உரிமையோடு நுழைவதைக் கண்டார். நம் நாட்டில் நூலகம் என்றால் பூட்டிய அலமாரி என்றிருந்த காலம் அது. அவர் மனம் மாறியது அங்கேதான். கணிதத்தை விட்டு வந்த குறையைத் தீர்த்தது மற்றொன்று. நூல்களை எப்படி வரிசைப்படுத்துவது என்ற வினா, அடிப்படையில், ஒரு கணக்கே என்பதை அவர் கண்டுகொண்டார்.

அந்தக் கணக்கைச் சற்று விளக்க வேண்டும். அக்காலத்தில் உலகின் பெரும்பாலான நூலகங்களை ஆண்டது மெல்வில் டூயி என்ற அமெரிக்கரின் தசமப் பகுப்பு முறை. 1876-இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பு 44 பக்கமே கொண்ட சிறு நூல். அறிவு முழுவதையும் பத்தாக வெட்டி, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாக, அவற்றையும் பத்தாக வெட்டுவது அதன் உபாயம். அழகான உபாயம்தான். ஆனால் பத்து நாற்காலிகள் மட்டுமே இருந்தால் யாரை உட்கார வைப்பது, யாரை நிற்க வைப்பது? சமயத்துக்கு டூயி கொடுத்தது 200 முதல் 299 வரை. அதில் விவிலியமும் கிறித்தவமும் 220 முதல் 289 வரை ஏழு நாற்காலிகளை எடுத்துக்கொண்டன. உலகத்தின் ஏனைய சமயங்கள் அனைத்துக்கும் 290 என்ற ஒரே நாற்காலி. இந்திய சமயங்கள் 294-இல் ஒண்டிக்கொண்டன. யூதம் 296, இஸ்லாம் 297. மொழியிலும் இதே கதைதான். ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனி இருக்கை. உலகின் மற்ற மொழிகளுக்கெல்லாம் 490. தமிழ் அதற்குள் ஒரு பெட்டிக்குள் பெட்டியாக 494.811. அந்த மொழி எண்ணின் வாலைப் பிடித்துக்கொண்டு தமிழ் இலக்கியம் 894.811 ஆயிற்று. தத்துவத்திலோ இதைவிட வேடிக்கை. இந்தியத் தத்துவம் 181.4; அதாவது பழங்காலத் தத்துவங்களோடு சேர்த்து 180-க்குள். தற்காலத் தத்துவத்துக்கு உரிய 190 மேற்கு நாட்டாருடையது. நேற்று ஒரு இந்தியர் புதிதாகச் சிந்தித்து எழுதினாலும் அவர் பழங்காலத்தின் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்க வேண்டும்.

டூயியை வில்லனாக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது. அது நேர்மை ஆகாது. அவர் அம்முறையை வகுத்தது ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்துக்காக. கிறித்தவப் போதகர்களை உருவாக்கும் நோக்கத்தோடு தொடங்கிய கல்லூரி அது. அங்கிருந்த அலமாரிகளில் எந்த நூல்கள் நிறைந்திருந்தனவோ அவற்றுக்கு இடம் ஒதுக்கினார். அந்த அலமாரிக்கு அது பொருத்தமான சட்டைதான். அந்தச் சட்டையையே உலகம் முழுவதற்கும் மாட்டிவிட்டபோதுதான் வினை வந்தது. ஓர் ஊர் நூலகத்தின் இருப்புக் கணக்கு, உலக அறிவின் வரைபடம் ஆகிவிட்டது. பின்வந்த பதிப்புகளில் பல திருத்தங்கள் நடந்திருக்கின்றன. அந்தந்த நாட்டு நூலகங்கள் தம் மொழிக்கு இடம் மாற்றிக்கொள்ளவும் வழி சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் அடிப்படை வரிசை அதேதான். என் கையிலிருந்த துண்டுத் தாளே சாட்சி.

இரங்கநாதன் இருந்த இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? நாற்காலிகளை இடம் மாற்றியிருப்பார். இந்தியாவை முதல் வரிசையிலும் ஐரோப்பாவைக் கடைசியிலும் உட்கார வைத்துப் பழி தீர்த்திருப்பார். விடுதலைப் போராட்டக் காலத்தில் அதற்குக் கைதட்டலும் கிடைத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. நாற்காலிகளை முன்கூட்டியே எண்ணி வைப்பதே தவறு என்று கண்டார்.

அதற்கு வழி காட்டியது ஒரு விளையாட்டுச் சாமான். இலண்டன் செல்ஃபிரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற பொம்மைப் பெட்டியைக் கண்டார். துளையிட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், அவற்றைப் பூட்டச் சில திருகாணிகள். அதே துண்டுகளைக் கொண்டு ஒரு முறை பாலம் கட்டலாம். பிரித்துப்போட்டு மறுமுறை பளுதூக்கி கட்டலாம். செய்து முடித்த பொம்மைகளை அடுக்கி வைப்பதைவிடத் துண்டுகளையும் திருகாணியையும் கொடுப்பது மேல் அல்லவா? பொருள்களுக்கு முழு எண்களைத் தயாரித்து வைக்காமல் எண்ணின் உறுப்புகளை மட்டும் தயாரிப்பது. ஒரு நூல் வரும்போது அதற்கு வேண்டிய உறுப்புகளைப் பூட்டிக்கொள்வது. பூட்டுவதற்குத் திருகாணியாக அவர் தேர்ந்தது முக்காற்புள்ளி. ஆகவே அது கோலன் பகுப்பு முறை ஆயிற்று. 1925-இல் ஊர் திரும்பும் கப்பலிலேயே வேலை தொடங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக் கழக நூல்களின்மீதே சோதித்துச் சோதித்துத் திருத்தினார். 1933-இல் சென்னை நூலகச் சங்கம் முதல் பதிப்பை வெளியிட்டது.

வகுப்பறைகளில் அடிக்கடி காட்டும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. நுரையீரல் காசநோயை எக்ஸ் கதிரால் குணப்படுத்துவது குறித்து 1950-களில் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி என்று ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். மருத்துவத்துக்கு எல் என்ற எழுத்து, நுரையீரலுக்கு 45, காசநோய்க்கு 421, சிகிச்சைக்கு 6, எக்ஸ் கதிருக்கு 253, இந்தியாவுக்கு 44. இவற்றை வரிசையாகப் பூட்டிக் காலத்தையும் சேர்த்தால் நூலின் எண் வந்துவிடும். நாளை வேறொரு நாட்டில் வேறொரு நோய்க்கு வேறொரு சிகிச்சை வந்தால் புதிய நாற்காலி தேட வேண்டியதில்லை. துண்டுகளை மாற்றிப் பூட்டினால் போதும். மூன்று பதிப்புகள் வரை முக்காற்புள்ளி ஒன்றே திருகாணி. 1952-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து காற்புள்ளி, அரைப்புள்ளி முதலியனவும் சேர்ந்தன. எல்லாத் துண்டுகளையும் ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து இனங்களுக்குள் அடக்கினார். நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்த நம் தொல்காப்பியம் எனக்கு இங்கே நினைவு வந்தது. அது என் மனத்தில் தோன்றிய ஒப்புமை, அவ்வளவுதான்.

இம்முறையில் தமிழின் நிலை யாது? திராவிட மொழிகளுக்கு 3, தமிழுக்கு 31. இலக்கியத்துக்கு ஓ என்ற ஆங்கில எழுத்து. கவிதைக்கு 1. ஆக, ஓர் எழுத்து, 31, ஒரு புள்ளி, 1. முடிந்தது! ஆங்கிலத்துக்கு 111. நம்மைவிட ஓர் இலக்கம் அதிகம் என்று நான் முதலில் சிரித்துக்கொண்டேன்; பிறகு யோசித்தால் அது வஞ்சமன்று, மொழிக் குடும்ப வரிசையின் விளைவு என்று தெரிந்தது. மருத்துவத்திலும் ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகியவை தனித்தனி முறைகளாக மருத்துவத்தின் வாசலிலேயே நிற்கின்றன. டூயியின் முறையில் ஆயுர்வேதத்தைத் தேடுகிறவர் சிகிச்சைப் பிரிவுக்குள் 615.538 வரை இறங்க வேண்டும்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது வேறொன்று. நாடுகளின் எண் வரிசையில் 1 உலகம், 4 ஆசியா, 5 ஐரோப்பா. நடுவில் 2, 3 என்ற இரண்டு எண்களை எந்த நாட்டுக்கும் அவர் எழுதி வைக்கவில்லை. 2 தாய்நாட்டுக்கு, 3 அந்த நூலகம் அதிகம் நாடுகிற நாட்டுக்கு. பிரான்சு நாட்டு நூலகத்தில் 2 என்றால் பிரான்சு, ஜப்பானில் ஜப்பான், இந்தியாவில் இந்தியா. எந்த நூலகமும் ஏதோ ஓர் ஊரில்தான் நிற்கிறது, அந்த ஊர்க்காரர் கண்ணோடுதான் பார்க்கும் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்தச் சார்புக்கு ஓர் இடத்தைத் திறந்து வைத்து, யாரும் வந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். இயற்பியலில் நாங்கள் நோக்குவோனுக்கு ஏற்ப ஆயத்தின் தொடக்கப்புள்ளியை மாற்றிக்கொள்வதை ஒக்கும் இது.

சென்னையில் அவர் உழைத்த உழைப்பைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். இருபது ஆண்டுகள், நாள்தோறும் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம். அலமாரிகளைத் திறந்துவிட்டு வாசகர் தாமே நூலைத் தொட்டு எடுக்கச் செய்தார். ஆண்டின் எல்லா நாட்களிலும் நூலகத்தைத் திறந்து வைத்தார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் பிறந்தது. நூலகத்தின் ஐந்து விதிகளைக் கூறும் அவருடைய புகழ்பெற்ற நூல் 1931-இல் வந்தது; நூல் என்பது காவல் காப்பதற்கன்று, படிப்பதற்கே என்ற எளிய உண்மையிலிருந்து அது தொடங்குகிறது. இடையில் 1928-இல் முதல் மனைவி உருக்குமணி ஒரு விபத்தில் மறைந்தார். மறு ஆண்டு சாரதாவை மணந்தார். திருமணச் சடங்கு முடிந்த அன்றே நூலகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்வார்கள். இதை வியந்து சொல்கிறவர்கள்தாம் அதிகம். எனக்கு அந்த அம்மையாரை நினைத்துக் கொஞ்சம் வருத்தமே உண்டாகிறது.

பல்கலைக் கழகத்தோடு மனக்கசப்பு ஏற்பட்டு, 1940-களின் நடுவில் சென்னையை விட்டார். காசி இந்துப் பல்கலைக் கழகம் அழைத்தது. அங்கே 1945 முதல் 1947 வரை ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களுக்குத் தாமே எண் இட்டார். பின்னர், துணைவேந்தர் மாரிஸ் குவயர் அழைக்கத் தில்லிப் பல்கலைக் கழகத்துக்கு வந்தார். நம் போல் வடக்கே வந்த தமிழர்களின் வரிசையில் அவரும் ஒருவர். நூலகவியலில் முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெறும் வழி அவருடைய காலத்தில் இங்கே பிறந்தது. 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியதற்கும் அவருடைய பல்லாண்டு முயற்சியே காரணம்.

இந்த வரலாற்றை எல்லாம் பெருமை பொங்க ஓரிரவு விடுதி அறையில் விரித்துக்கொண்டிருந்தேன். பஞ்சாபிலிருந்து வந்த என் அறைத்தோழர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உங்கள் ஊர்க்காரர் முறையில் எங்கள் சீக்கிய சமயம் எந்த எண்ணில் இருக்கிறது என்றார். மறுநாள் தேடிப் பார்த்தேன். சமயத்துக்கு கியூ என்ற எழுத்து. 1 வேத சமயம்; 2 வேதத்துக்குப் பிற்பட்ட இந்து சமயம்; 3 சமணம்; 4 பௌத்தம்; 5 யூதம்; 6 கிறித்தவம்; 7 இஸ்லாம். 8 ஏனைய சமயங்கள். ஏனையவை! டூயியின் 290-ஐக் கண்டு நான் கொதித்தேனே, அதே அறை இங்கேயும் கட்டப்பட்டிருந்தது. இந்து சமயத்துக்கு முன்வரிசையில் இரண்டு இடம். அமிர்தசரசுக்கு ஓர் இடமும் இல்லை. அறைத்தோழரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே சிரித்தார். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

இரங்கநாதனுக்காக வாதாட முடியாதா? முடியும். அவர் வரிசைப்படுத்தியது சென்னை நூலக அலமாரியை வைத்து என்று சொல்லலாம். ஆனால் டூயிக்கும் அதே சமாதானத்தைத்தான் சொன்னோம். நாடுகளின் வரிசையில் இடம் திறந்து வைத்தவர், சமயங்களின் வரிசையை ஏன் முன்கூட்டியே எழுதி மூடினார்? தமக்குப் பழக்கமான வீட்டில் யாருக்கும் கதவு கண்ணில் படுவதில்லை போலும். ஆயினும் ஒரு வேற்றுமையை மறக்கக்கூடாது. தம் முறை முடிந்துவிட்டது என்று அவர் ஒருநாளும் கருதவில்லை. பதிப்புக்குப் பதிப்பு உடைத்துக் கட்டினார்; 1960-இல் ஆறாம் பதிப்பு வந்தபின்னும் ஏழாவதுக்கு உழைத்துக்கொண்டே இருந்தார். இப்படி அடிக்கடி மாறியதே அதற்கு எமனாகவும் ஆயிற்று. ஒவ்வொரு பதிப்புக்கும் பல்லாயிரம் நூல்களின் எண்ணை அழித்து எழுத எந்த நூலகம் முன்வரும்? எண்களும் நீண்டன, முதுகு மெலிந்த நூலில் ஒட்ட இடமில்லை. இந்தியாவிலேயே பெரும்பாலான நூலகங்கள் டூயியோடு நின்றுவிட்டன.

ஆனால் முறை பரவாவிட்டாலும் கருத்து பரவியது. 1952-இல் இலண்டனில் தொடங்கிய பகுப்பு ஆய்வுக் குழுவினர் அவருடைய துண்டுப் பூட்டும் கருத்தையே அடிப்படையாகக் கொண்டனர். பிளிஸ் என்பாரின் பழைய பகுப்பு முறையும் 1977 முதல் அக்கருத்தின்படி புதுப்பிக்கப்பட்டு வெளிவந்தது. இன்று இணையக் கடையில் சட்டை வாங்கும்போது நிறம், அளவு, விலை என்று தனித்தனியே குறித்துச் சல்லடை போடுகிறோமே, அதுவும் அந்த மெக்கானோப் பெட்டியின் வழிமுறைதான். அங்கே எந்தச் சட்டையும் ஒரே அலமாரியில் நிரந்தரமாகக் குடியிருப்பதில்லை.

1955 முதல் சில ஆண்டுகள் சூரிக் நகரில் வாழ்ந்து எழுதினார். 1956-இல் தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அளித்து, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை மனைவி சாரதாவின் பெயரால் நிறுவச் செய்தார். மனக்கசப்போடு விட்டு வந்த அதே பல்கலைக் கழகத்துக்கு! 1957-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பின் பெங்களூரில் குடியேறினார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தை 1962-இல் அங்கே தொடங்கினார். 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் ஆனார். 1972 செப்டம்பர் 27-இல், எண்பதாவது வயதில், பெங்களூரில் காலமானார். ஏழாம் பதிப்பு அவர் கண் மூடிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து 1987-இல்தான் அச்சேறியது.

இக்கட்டுரையை எழுதி முடிக்கும் முன், அந்த ஐந்து விதிகள் நூலை ஒரு முறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தமிழ்க் கவிதைக்குத் துண்டுத் தாள் கொடுத்த அதே நூலகத்துக்குச் சென்றேன். அறைத்தோழரும் உடன் வந்தார். நூல் இருந்தது. அட்டை கிழிந்து புதிதாகக் கட்டியிருந்தார்கள். முதுகில் வெள்ளைத் தாள் ஒட்டி எண் எழுதியிருந்தது. 020. டூயி தந்த எண்.